வகுபடும் என்று யார் சொன்னது?

√2 ஒரு விகிதமுறா எண் என்பதற்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தரும் நிரூபணம் நாலு வரிதான். √2 = அ/ஆ என்று வைத்துக்கொள்வோம். பின்னத்தைச் சுருக்கியாகிவிட்டது, அ, ஆ இரண்டுக்கும் பொதுக் காரணி கிடையாது. வர்க்கப்படுத்தினால் அ² = 2ஆ². ஆக அ² இரண்டால் வகுபடும். எனவே அ-வும் இரண்டால் வகுபடும். அ = 2இ என்று போட்டால் ஆ² = 2இ² என்று வரும்; ஆ-வும் இரண்டால் வகுபட்டுவிடுகிறது. பொதுக் காரணி இல்லை என்று சொன்ன இடத்தில் 2 வந்து நிற்கிறது. முரண்பாடு, முடிந்தது கதை.

இதே நிரூபணத்தை √2-க்குப் பதிலாக √4-க்கு எழுதிப் பாருங்கள். அ² = 4ஆ². அ² நான்கால் வகுபடும். எனவே அ-வும் நான்கால் வகுபடும். அ = 4இ என்று போட்டால் ஆ² = 4இ². ஆ-வும் நான்கால் வகுபடும். முரண்பாடு. ஆகவே √4 விகிதமுறா எண்! √4 என்பது சாட்சாத் 2 என்று நடுநிலைப் பள்ளி மாணவரே சொல்லிவிடுவார்.

கோளாறு இருப்பது ஒரே வரியில். 36 நான்கால் வகுபடும், 6 வகுபடாது; வர்க்கம் வகுபட்டால் எண்ணும் வகுபடும் என்பது நான்குக்குப் பொருந்தாது. இரண்டுக்குப் பொருந்துகிறது, ஏனென்றால் 2 பகா எண். ஒரு பகா எண் ஒரு பெருக்குத்தொகையை வகுத்தால் அதன் காரணிகளில் ஒன்றையாவது வகுத்தே தீரும். யூக்ளிடின் ஏழாம் நூலில் 30ஆவது முன்மொழிவு இது. √2 நிரூபணத்தின் உயிர் அந்த முன்மொழிவில் இருக்கிறது. கரும்பலகையில் அது பெரும்பாலும் எழுதப்படுவதில்லை. 2-க்கு விடை சரியாக வந்துவிடுவதால் யாரும் கேட்பதும் இல்லை.

வகுபடும் தன்மை பற்றிய கணக்குகளில் சொல்லாமல் நுழையும் எடுகோள்கள் பெரும்பாலும் இப்படித்தான் நுழைகின்றன. "கவனமாக இரு" என்ற அறிவுரையால் எந்தப் பயனும் இல்லை என்பது என் எண்ணம். எதைக் கவனிப்பது என்று தெரிந்தால் ஏன் தவறப் போகிறோம்? √4-ஐ வைத்துச் செய்தது உருப்படியான காரியம். முடிவு பொய் என்று நன்றாகத் தெரிந்த ஓர் இடத்தில் அதே நிரூபணத்தை ஓட விடுவது. எந்த வரியில் அது தடுக்கி விழ வேண்டுமோ அந்த வரியில் விழாமல் ஓடிவிட்டால், சொல்லாத எடுகோள் அங்கேதான் ஒளிந்திருக்கிறது. இந்தக் கட்டுரை நெடுக இந்தச் சோதனையையே கையில் வைத்துக்கொண்டு போகலாம்.

முதலில், எண் என்று நாம் எதை நினைத்துக்கொள்கிறோம் என்பது. "ந + 1 என்பது ந² + 1-ஐ மீதியின்றி வகுக்கும்படியான எல்லா முழுக்களையும் காண்க" என்று ஒரு கேள்வி. ந² + 1 = (ந + 1)(ந − 1) + 2 என்பதால், ந + 1 என்பது 2-ஐ வகுக்க வேண்டும். 2-இன் வகுத்திகள் 1, 2. ஆகவே ந = 0 அல்லது 1. அவசரத்தில் 0-வையும் தள்ளிவிட்டு "1 மட்டும்" என்று எழுதுபவர்கள் உண்டு. கேள்வி கேட்டதோ முழுக்களை. −1, −2 ஆகியவையும் 2-ஐ வகுக்கும்; ந = −2, ந = −3 என்று இன்னும் இரண்டு விடைகள் இருக்கின்றன. −3-ஐப் போட்டுப் பாருங்கள்: −2 என்பது 10-ஐ வகுக்கிறது. வகுத்தி என்றதும் மனம் மிகை எண்ணை மட்டுமே நினைக்கிறது. பூச்சியத்தின் பாடும் இதுதான். எல்லா எண்ணும் பூச்சியத்தை வகுக்கும் என்பது வரையறையிலிருந்து நேராக வருகிறது. ஆனால் "வித்தியாசம் 7-ஆல் வகுபடுகிறது, எனவே வித்தியாசம் குறைந்தது 7" என்று எழுதும்போது வித்தியாசம் பூச்சியமாக இருக்கலாம் என்பது மறந்துபோகிறது.

இது தொடக்கநிலை மாணவர் பிழை என்று ஒதுக்க முடியாது. 1988இல் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் நடந்த சர்வதேசக் கணித ஒலிம்பியாடின் ஆறாவது கேள்வி ஒலிம்பியாட் உலகில் ஒரு கதைப்பொருளாகவே ஆகிவிட்டது. அ, ஆ இரண்டும் மிகை முழுக்கள். அஆ + 1 என்பது அ² + ஆ²-ஐ வகுக்கிறது. ஈவு ஒரு முழு வர்க்கம் என்று நிறுவுக. பங்கேற்றவர்களில் 11 பேர்தான் முழு மதிப்பெண் பெற்றார்கள். இன்று பயிற்சி வகுப்புகளில் இதைத் தீர்ப்பதற்கு ஒரு வாடிக்கையான வழி இருக்கிறது. ஈவை நிலையாக வைத்துக்கொண்டு, கூடுதல் மிகச் சிறியதாக வரும் இணையை எடுத்துக்கொள்வது. அ-வை இருபடிச் சமன்பாட்டின் ஒரு மூலமாகப் பார்ப்பது. இன்னொரு மூலம் இன்னும் சிறியது என்று காட்டி முரண்பாட்டை வரவழைப்பது. மாணவர்கள் இதை மனப்பாடமாகவே செய்கிறார்கள். புதிய மூலம் மிகை எண்தானா என்ற கேள்வியைத் தாண்டிப் போகிறவர்களும் அதிகம்.

இங்கே நம் சோதனையை வைப்போம். மிகை என்ற நிபந்தனையை எடுத்துவிட்டு அ = −1, ஆ = 2 என்று போட்டால், அஆ + 1 = −1; அ² + ஆ² = 5; ஈவு −5. இது வர்க்கமே அல்ல. ஆகவே புதிய மூலம் மிகை எண் என்று எங்கும் நிறுவாத ஒரு "நிரூபணம்" பொய்யையும் சேர்த்தே நிறுவிக்கொண்டிருக்கிறது. அந்தப் புதிய மூலம் குறை எண்ணாக இருக்க முடியாது என்று காட்டுவதற்கு இரண்டு வரி போதும். அந்த இரண்டு வரியை எழுதியிருக்கிறாரா என்றுதான் திருத்துபவர் தேடுவார்.

அடுத்தது, பொதுக் காரணி இல்லை என்று நாமாக நினைத்துக்கொள்வது. போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களிடம் கேட்டால், 12-ஆல் வகுபடுமா என்று பார்க்க 3-ஆலும் 4-ஆலும் வகுபடுகிறதா என்று பார்த்தால் போதும் என்பார்கள். சரிதான். அப்படியானால் 24-க்கு 4-ஐயும் 6-ஐயும் பார்த்தால் போதுமா? 12-ஐ இரண்டும் வகுக்கின்றன, 24 வகுக்காது. 3, 8 என்று பிரிக்க வேண்டும். சார்பகா எண்களாக இருந்தால் மட்டுமே குறுக்குவழி செல்லும். மட்டு எண்கணிதத்தில் இருபுறமும் சுருக்கும்போதும் இதே பள்ளம். 2 × 3-ஐயும் 2 × 6-ஐயும் 6-ஆல் வகுத்தால் ஒரே மீதிதான். ஆனால் 2-ஐ இருபுறமும் அடித்துவிட்டால் 3-க்கும் 6-க்கும் மீதி ஒன்றல்ல. சுருக்கும் எண்ணுக்கும் மட்டுக்கும் பொதுக் காரணி இருக்கக்கூடாது. தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புப் புத்தகம் மட்டு எண்கணிதத்தைக் கொண்டுவந்தது நல்ல காரியம். கூட்டலும் பெருக்கலும் தாராளமாகச் செல்லும் அந்த உலகத்தில் வகுத்தல் மட்டும் அனுமதி கேட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்பதை மாணவர் மனத்தில் அங்கேயே பதிய வைப்பது ஆசிரியர் கையில் இருக்கிறது.

சில கணக்குகளில் விடை இருக்கிறது என்பதே ஓர் எடுகோள். 6-ஆல் வகுத்தால் 3-உம், 4-ஆல் வகுத்தால் 2-உம் மீதி வரும் எண் எது? முதல் நிபந்தனைப்படி அது ஒற்றை எண், இரண்டாவதன்படி இரட்டை. அப்படி ஓர் எண்ணே கிடையாது. மீதிக் கணக்கு என்றதும் மீச்சிறு பொது மடங்கை எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்குகிறவர் பக்கம் பக்கமாகத் தேட வேண்டியதுதான். பாஸ்கரர் 1150இல் எழுதிய லீலாவதியில் குட்டகம் என்னும் மீதிக் கணக்குப் பகுதி தொடங்கும் இடத்திலேயே இதற்கான எச்சரிக்கை இருக்கிறது: வகுபடும் எண்ணையும் வகுக்கும் எண்ணையும் ஒரு பொதுக் காரணியால் சுருக்க முடிந்து, கூட்டும் எண்ணை மட்டும் அதனால் சுருக்க முடியாவிட்டால், கணக்கே தவறாகக் கேட்கப்பட்டிருக்கிறது என்கிறார். தீர்க்கும் முறையைச் சொல்வதற்கு முன்பே தீர்வு இல்லாத நிலையைச் சொல்லிவிடும் அந்த ஒழுங்கு எனக்கு மிகவும் பிடிக்கும். இன்றைய வழிகாட்டி நூல்கள் பலவற்றில் அது இல்லை.

சின்ன எண்களை நம்பிக் கெட்டவர்கள் கதை பெரியது, சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2-இன் அடுக்கே 2-இன் அடுக்காக இருக்கும்போது 1 கூட்டினால் 3, 5, 17, 257, 65537 என்று வரும். ஐந்தும் பகா எண்கள். மேலே போனாலும் பகா எண்கள்தான் வரும் என்று ஃபெர்மா 1640 வாக்கில் நம்பினார். அடுத்த எண் 4294967297. 641 அதை வகுக்கும் என்று 1732இல் ஆய்லர் காட்டினார். யூக்ளிட் பகா எண்கள் முடிவில்லாதவை என்று நிறுவியதைச் சொல்லும்போது, "எல்லாவற்றையும் பெருக்கி 1 கூட்டினால் புதிய பகா எண் கிடைக்கும்" என்று சொல்லிவிடுகிறவர்கள் உண்டு. 2 × 3 × 5 × 7 × 11 × 13 + 1 = 30031 = 59 × 509. கிடைப்பது பகா எண்ணாக இருக்க வேண்டியதில்லை. அதை வகுக்கும் பகா எண் பட்டியலில் இல்லாத ஒன்று, அவ்வளவுதான்.

ஒரு பகா எண் ப-வை எடுத்தால் 2-இன் ப-ஆவது அடுக்கிலிருந்து 2-ஐக் கழித்தால் வருவது ப-ஆல் வகுபடும். இதைத் திருப்பிப் போட்டு, அப்படி வகுபட்டால் அது பகா எண் என்று சொல்லலாமா? 2, 3, 4, 5 என்று வரிசையாகப் போட்டுப் பார்த்தால் நூற்றுக்கணக்கான எண்கள்வரை தவறே வராது. 1819இல் சாரூ 341-ஐக் கண்டுபிடித்தார். 1023 = 3 × 341; ஆகவே 2¹⁰ = 1024-ஐ 341-ஆல் வகுத்தால் மீதி 1; அதை 34 தடவை பெருக்கினாலும் மீதி 1. 341 சோதனையில் தேறிவிடுகிறது. ஆனால் 341 = 11 × 31. அடிமானம் 2-க்குப் பதிலாக வேறு எதைப் போட்டாலும் ஏமாற்றும் எண்களும் உண்டு. 561, 1105, அதற்கடுத்து 1729. ஆம், ஹார்டி ஏறிவந்த வாடகைக் காரின் எண். இரண்டு கனங்களின் கூடுதலாக இருவிதமாக எழுத முடிகிறது என்று இராமானுஜன் அடையாளம் சொன்ன அந்த எண் 7 × 13 × 19 என்று உடைந்து பகா எண் வேஷமும் போடுகிறது. இப்படிப்பட்ட எண்கள் முடிவில்லாமல் இருக்கின்றன என்பது 1994இல்தான் நிறுவப்பட்டது. ந¹⁷ + 9, (ந + 1)¹⁷ + 9 இரண்டுக்கும் பொதுக் காரணி இல்லை என்று கணினியை வைத்து ஆயுள் முழுக்கச் சோதித்தாலும் நம்பிக்கை கூடிக்கொண்டேதான் போகும்; அது பொய்க்கும் முதல் ந 52 இலக்க எண்.

இராமானுஜன் பேச்சு வந்ததால் ஒன்று சொல்ல வேண்டும். 1913 ஜனவரியில் சென்னையிலிருந்து அவர் ஹார்டிக்கு எழுதிய முதல் கடிதத்தில், பகா எண்களின் எண்ணிக்கையை ஏறத்தாழப் பிசகின்றித் தரும் சார்பு ஒன்று தன்னிடம் இருப்பதாகச் சொன்னார். அது சரியல்ல. ஜீட்டா சார்புக்குக் கலப்பெண் தளத்தில் பூச்சியங்களே இல்லாததுபோல அவர் வாதம் போனது என்று ஹார்டி பின்னாளில் விளக்கினார். இதைக் குறையாகச் சொல்லவில்லை. அவர் கணக்கிட்டுப் பார்த்த எண்கள் எதுவும் அவரை எச்சரித்திருக்க முடியாது.

இனி வருவதுதான் இந்த விஷயத்தின் நடுநாயகம். ஓர் எண்ணைப் பகா எண்களின் பெருக்கமாக ஒரே வழியில்தான் எழுத முடியும். 60 = 2 × 2 × 3 × 5; வரிசையை மாற்றலாம், ஆட்களை மாற்ற முடியாது. இதை நிரூபிக்க வேண்டும் என்றே நெடுங்காலம் யாருக்கும் தோன்றவில்லை. 1801இல் காவுஸ் தம் நூலில் இதை ஒரு தேற்றமாக வைத்து நிறுவினார். எல்லோரும் சும்மா ஏற்றுக்கொண்டு போகிறார்கள் என்று குறிப்பும் எழுதினார். இதற்கு நிரூபணம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஹில்பெர்ட்டின் பெயரால் வழங்கும் எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 1, 5, 9, 13, 17, 21 என்று 4-ஆல் வகுத்தால் 1 மீதி வரும் எண்கள் மட்டும் இருக்கும் ஓர் உலகம். இதில் எந்த இரண்டைப் பெருக்கினாலும் அதே உலகத்திலேயே இருப்போம். 3-உம் 7-உம் இங்கே கிடையாது. எனவே 9, 21, 49 மூன்றும் இங்கே உடைக்க முடியாதவை. இப்போது 441 = 9 × 49 = 21 × 21. ஒரே எண், இரண்டு உடைப்பு. உடைக்க முடியாத 21, 9 × 49-ஐ வகுக்கிறது; 9-ஐயும் வகுக்கவில்லை, 49-ஐயும் வகுக்கவில்லை. நம் எண்களில் இது நடக்காதது பெருக்கலின் புண்ணியம் அல்ல. மீதியோடு வகுக்க முடிவதும், அதற்குக் கூட்டல் கழித்தல் துணை நிற்பதும்தான் காரணம்.

இந்த எடுகோள் எப்படி ஆளைக் கவிழ்க்கிறது என்பதை ஒரு சமன்பாட்டில் அருகில் இருந்து பார்க்கலாம். ச² + 2 = க³ என்பதற்கு முழுத் தீர்வுகள் என்னென்ன? இடப்புறத்தை (ச + √−2)(ச − √−2) என்று உடைக்கிறோம். இரண்டு காரணிக்கும் பொதுவாக எதுவும் இல்லை. பெருக்கம் ஒரு கனம். ஆகவே ஒவ்வொன்றும் கனம். ச + √−2 = (அ + ஆ√−2)³ என்று விரித்து √−2-இன் கெழுக்களை ஒப்பிட்டால் 1 = ஆ(3அ² − 2ஆ²). ஆ = 1, அ = ±1. அதிலிருந்து ச = ±5, க = 3. 25 + 2 = 27. வேறு தீர்வே இல்லை. அழகான கணக்கு, ஆய்லர் 1770இல் வெளிவந்த தம் இயற்கணித நூலில் இந்த வழியை எடுத்தாண்டார்.

இப்போது 2-ஐ 19 ஆக்குவோம். ச² + 19 = க³. அதே வழி, அதே வரிகள்: 1 = ஆ(3அ² − 19ஆ²). ஆ = 1 என்றால் 3அ² = 20; ஆ = −1 என்றால் 3அ² = 18, அதாவது அ² = 6. இரண்டும் நடக்காது. ஆகவே தீர்வு இல்லை என்று எழுதி, கோடு போட்டு முடித்துவிடலாம். ஆனால் 18² + 19 = 324 + 19 = 343 = 7³.

நிரூபணம் எங்கே தடுக்கி விழுந்திருக்க வேண்டும்? "ஒவ்வொன்றும் கனம்" என்ற வரியில். அ + ஆ√−19 வடிவ எண்களில் ஒரே உடைப்பு என்ற சொத்து கிடையாது. இதில் வேடிக்கை என்னவென்றால், கொஞ்சம் இடம் விட்டுக்கொடுத்து, அ, ஆ இரண்டும் ஒன்றாக அரை எண்களாகவும் இருக்கலாம் என்று வைத்தால் அந்தச் சொத்து திரும்பி வந்துவிடுகிறது. அப்போது சமன்பாடு 8 = ஆ(3அ² − 19ஆ²) என்று மாறும்; ஆ = 1, அ = ±3 சரியாகப் பொருந்தும்; அதிலிருந்து ச = ±18, க = 7 தானாக வந்து விழும். தீர்வு இருந்தது, நாம் தேடிய அறைதான் சிறியது. ஆய்லருக்கும் இதே இடத்தில்தான் அடி சறுக்கியது. அⁿ + ஆⁿ = இⁿ என்பதற்கு அடுக்கு 2-ஐத் தாண்டினால் மிகை முழுத் தீர்வு இல்லை என்னும் ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்தில் மூன்றாம் அடுக்குக்கு அவர் √−3-ஐ வைத்து எழுதிய வாதத்தில், பெருக்கம் கனமானால் காரணிகளும் கனம் என்று சொல்லிவிட்டுப் போனார். முடிவு சரி, வழியில் ஓட்டை.

1847 மார்ச் 1 அன்று பாரிஸ் அறிவியல் கழகத்தில் காப்ரியேல் லாமே எழுந்து, ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்தை எல்லா அடுக்குகளுக்கும் நிறுவிவிட்டதாக அறிவித்தார். ஒன்றின் கலப்பெண் மூலங்களைச் சேர்த்துக்கொண்டு இடப்புறத்தை ஒருபடிக் காரணிகளாக உடைப்பது அவர் வழி. இந்த யோசனைக்கு லியூவிலுடன் நடந்த பேச்சு உதவியது என்று பெருந்தன்மையோடு சொன்னார். லியூவில் உடனே எழுந்து அந்தப் பெருமையை மறுத்துவிட்டு, அந்த எண்களிலும் உடைப்பு ஒன்றுதான் என்று யார் நிறுவியது என்று கேட்டார். கூட்டத்தில் இருந்த கோஷி, தாமும் இதே வழியில் யோசித்து வந்ததாகச் சொல்லி லாமேக்குத் துணை நின்றார். அந்த மாதமே இருவரும் தத்தம் முயற்சிகளை முத்திரையிட்ட உறைகளில் கழகத்திடம் ஒப்படைத்தார்கள். யார் முந்தியது என்ற வழக்கு பின்னால் வந்தால் காட்டலாமே!

வழக்கு வரவில்லை. மே 24 அன்று பிரெஸ்லாவிலிருந்து எர்ன்ஸ்ட் கும்மர் எழுதிய கடிதத்தை லியூவில் கழகத்தில் வாசித்தார். உடைப்பு ஒன்றுதான் என்பது அந்த எண்களில் பொதுவாகப் பொய்; 1844லேயே இதை வெளியிட்டிருக்கிறேன்; 23ஆம் அடுக்குக்கு வரும்போது அது பொய்க்கிறது என்பது கும்மரின் செய்தி. 23-க்குக் கீழே எல்லாப் பகா அடுக்குக்கும் சரியாக இருப்பது 23-இல் வந்து உடைகிறது. கையால் கணக்கிட்டு அவ்வளவு தூரம் போயிருந்தாலொழிய லாமேக்குத் தெரிந்திருக்க வழியில்லை. கும்மர் குறை சொல்லிவிட்டு நிற்கவில்லை. தொலைந்துபோன ஒரே உடைப்பை மீட்பதற்காக "இலட்சிய எண்கள்" என்று ஒன்றைப் படைத்தார்; அதைக் கொண்டு 37, 59, 67 நீங்கலாக 100-க்குக் கீழ்ப்பட்ட ஒற்றைப் பகா அடுக்குகள் அனைத்துக்கும் தேற்றத்தை நிறுவினார். நவீன இயற்கணிதத்தின் ஒரு பெரிய கிளை அந்த ஓட்டையை அடைக்கப் போட்ட அஸ்திவாரத்தில் நிற்கிறது. முழுத் தேற்றத்துக்கு 1994 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நிரல் எழுதுகிறவர்களுக்கு இதெல்லாம் பழங்கதையாகத் தோன்றலாம். ஆனால் அங்கும் இதே பள்ளம் உண்டு: சி மொழியில் −7-ஐ 2-ஆல் வகுத்தால் மீதி −1, பைத்தானில் 1. மீதி 1 என்றால் ஒற்றை எண் என்று சோதிக்கும் ஒரு வரி, பைத்தானில் ஒழுங்காக ஓடிவிட்டு, சி-க்கு மாற்றியதும் −7-ஐ ஒற்றை எண் அல்ல என்று சொல்லும்.

நிரூபணத்தை வரிக்கு வரி கணினியே சரிபார்க்கும் காலமும் வந்துவிட்டது. 2024 ஜூலையில் கூகுள் டீப்மைண்டின் ஆல்ஃபாபுரூஃப், லீன் என்ற மொழியில் எழுதப்பட்ட ஒலிம்பியாட் கணக்குகள் சிலவற்றைத் தீர்த்தது. லீன் ஒரு வரியையும் சும்மா விடாது. 4-இன் வர்க்கப் பிழையெல்லாம் அங்கே செல்லாது. ஆனால் அதன் இயல் எண்களில் 3 − 5 = 0; எந்த எண்ணைப் பூச்சியத்தால் வகுத்தாலும் 0; 7-ஐ 2-ஆல் வகுத்தால் 3. எல்லாமே வசதிக்காக வைத்த மரபுகள், ஒளிவுமறைவின்றி எழுதி வைத்தவை. அ − ஆ என்பது குறை எண்ணாகலாம் என்று நினைத்து ஒருவர் தேற்றத்தை இயல் எண்களில் எழுதினால், கணினி அதைக் குற்றமில்லாமல் நிறுவித் தரும். நிறுவியது அவர் நினைத்த தேற்றமாக இருக்காது. அந்த 2024 கணக்குகளைக்கூட லீன் மொழிக்கு மாற்றி எழுதியவர்கள் மனிதர்கள்தான். நிரூபணத்தை யந்திரம் தேடும், தேற்றத்தின் முதல் வரியை மட்டும் யாராவது ஒருவர் உட்கார்ந்து வாசிக்க வேண்டியிருக்கிறது.